கயிறு எறியக் கற்பித்தவர் யார்?



சில வாரங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ‘நான் விரும்பும் தொழில்’ என்பது தலைப்பு. மருத்துவர், விமானி, காவல் அதிகாரி என வழக்கமான விடைகளே வந்தன. ஒரு மாணவன் மட்டும் தான் கௌபாய் ஆக விரும்புவதாக எழுதியிருந்தான். தொலைக்காட்சியில் ஏதோ ஒரு படம் பார்த்திருக்கிறான். குதிரையில் பாய்ந்து வரும் வீரன் ஓடும் கன்றின் கழுத்தில் கயிற்றை எறிந்து, கீழே குதித்து, அதன் கால்களைக் கட்டும் காட்சி அவன் மனத்தில் பதிந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, “ஐயா, அவர்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதற்குப் பள்ளிக்கூடம் இருந்ததா?” என்று கேட்டான்.

“பழகப் பழக வந்துவிடும்” என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். அன்று இரவு அந்த விடை எனக்கே உறுத்தலாக இருந்தது. கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நான், இவ்வளவு அரிய திறனுக்கு ஆசிரியரே இல்லை என்பதுபோல் பேசிவிட்டேன். அதன்பின் இது குறித்துத் தேடிப் படித்தேன். அறிந்துகொண்டவற்றைத் தங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

செயல் எத்தகையது?

முதலில் அச்செயலைப் புரிந்துகொள்வோம். இன்று ரோடியோ எனப்படும் போட்டிகளில் இது ஒரு தனிப் பிரிவாக நடைபெறுகிறது. ஏறத்தாழ 100 முதல் 125 கிலோ எடையுள்ள கன்று முதலில் ஓடவிடப்படுகிறது. அதற்குரிய முன்தூரத்தை அது கடந்த பின்னரே குதிரைவீரர் புறப்படலாம். அவசரப்பட்டுத் தடுப்பை முறித்தால் அவரது நேரத்துடன் 10 விநாடிகள் கூட்டப்படும்.

குதிரை கன்றை நெருங்கும்போது வீரர் தலைக்கு மேல் சுருக்குக் கயிற்றைச் சுழற்றிக் கன்றின் கழுத்தை நோக்கி எறிகிறார். சுருக்கு விழுந்ததும் குதிரை சட்டென நிற்கிறது. வீரர் குதித்து, கயிற்றின் வழியே ஓடிச் சென்று, கன்றைப் பக்கவாட்டில் சாய்க்கிறார். பல்லில் கவ்வி வந்த சிறு கயிற்றால் ஏதேனும் மூன்று கால்களைச் சேர்த்துச் சுற்றி முடிச்சிடுகிறார். பின் இரு கைகளையும் உயர்த்துகிறார். அத்துடன் ஆட்டம் முடிவதில்லை. அவர் மீண்டும் குதிரையேறிக் கயிற்றைத் தளர்த்திய பிறகு, அம்முடிச்சு ஆறு விநாடிகள் அவிழாமல் இருத்தல் வேண்டும். தேர்ந்தவர்கள் எறிவது முதல் முடிச்சிடுவது வரை அனைத்தையும் ஏழெட்டு விநாடிகளில் முடித்துவிடுகின்றனர்.

இங்கே குதிரையின் பங்கை நாம் மறந்துவிடக் கூடாது. வீரர் இறங்கிய பின் குதிரையின் முதுகில் எவருமில்லை. கயிற்றின் மறுமுனை சேணத்தின் முன்னுள்ள கொம்பில் கட்டப்பட்டிருக்கிறது. கயிறு தொய்ந்தால் குதிரை தானே பின்னால் அடியெடுத்து வைத்து இழுத்துப் பிடிக்கிறது. கட்டளையிட ஆளில்லாதபோதும் செய்ய வேண்டியதைச் செய்யும் மாணவனைப் போன்றது அக்குதிரை.

தொடக்கத்தில் இது விளையாட்டன்று. வேலியில்லாத பரந்த மேய்ச்சல் நிலங்களில் பலருடைய மாடுகளும் ஒன்றாகக் கலந்து மேய்ந்தன. எந்தக் கன்று யாருடையது என்று காட்டச் சூட்டுக்குறி இட வேண்டும். புண்ணுக்கு மருந்திட வேண்டும். தொழுவமோ கொட்டகையோ இல்லாத இடத்தில் கன்றைப் பிடிக்கக் குதிரையும் கயிறுமே வழி.

கத்தியிலிருந்து கயிற்றுக்கு

அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் வரும்வரை மாடுகளும் இல்லை, குதிரைகளும் இல்லை. 1493-ஆம் ஆண்டு கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் மாடுகளையும் குதிரைகளையும் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுவந்தார். 1521-ஆம் ஆண்டளவில் மாடுகள் மெக்சிகோவை அடைந்தன. அங்குப் புல்வெளிகளில் அவை பல்கிப் பெருகின.

மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர் தொடக்கத்தில் அந்நாட்டுப் பூர்வகுடிகள் குதிரையேறுவதைத் தடைசெய்திருந்தனர். குதிரை என்பது போர்க்கருவி. அடக்கப்பட்டவர் கையில் அது சேரக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஆயினும் மாடுகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது மேய்க்க ஆள் வேண்டியிருந்தது. நிலவுடைமையாளர்களும் சமயப் பணிமனைகளும் பூர்வகுடிகளையும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரையும், கலப்பினத்தவரையும் குதிரையேற்றி வேலை வாங்கினர். இவர்களே ‘வக்கேரோ’ எனப்பட்டனர். ஸ்பானிய மொழியில் ‘வாக்கா’ என்றால் பசு. வக்கேரோ என்றால் மாட்டுக்காரர். அவ்வளவுதான்.

முதலில் இவர்கள் கையிலிருந்தது கயிறு மட்டுமன்று. நீண்ட கழியின் முனையில் பிறைவடிவக் கத்தியைப் பொருத்தி, ஓடும் மாட்டின் பின்னங்கால் நரம்பை வெட்டி வீழ்த்தும் முறையும் இருந்தது. தோலுக்காகவும் கொழுப்புக்காகவும் மாடுகள் இவ்வாறு பெருமளவில் கொல்லப்பட்டன. மாடுகள் அழிந்துபோகும் என்ற அச்சத்தால் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இக்கத்திக்குத் தடை விதிக்கப்பட்டது. உயிருடன் பிடிக்க வேண்டுமானால் கயிறுதான் துணை. எனவே கயிற்றுக்கலை வளர்ந்தது.

தொடக்கத்தில் கயிற்றின் சுருக்கைக் கழியின் நுனியில் மாட்டிக் கொம்பில் போட்டனர். மறுமுனையைக் குதிரையின் வாலிலோ சேணத்தின் வயிற்றுவாரிலோ கட்டினர். பிறகு கயிற்றைச் சுழற்றி எறியும் முறை வளர்ந்தது. இழுவையைத் தாங்கச் சேணத்தின் முன்புறத்தில் உறுதியான கொம்பும் அமைந்தது. இன்று நாம் திரைப்படங்களில் காணும் கௌபாய்ச் சேணத்தின் கொம்பு அழகுக்காக வைக்கப்பட்டதன்று. மாட்டை இழுத்து நிறுத்துவதற்காகத் தொழிலாளர் அனுபவத்தில் உருவான உறுப்பு அது.

சொற்கள் தரும் சான்று

வரலாற்றை ஏடுகள் மறந்தாலும் சொற்கள் மறப்பதில்லை. மொழியாசிரியர்களாகிய நாம் இதை நன்கறிவோம். அமெரிக்க ஆங்கிலத்தில் இத்தொழிலுக்குரிய சொற்களைப் பாருங்கள். ‘லாசோ’ என்பது ஸ்பானிய ‘லாஸோ’விலிருந்து வந்தது. ‘லேரியட்’ என்பது ‘லா ரியாட்டா’ என்பதன் திரிபு. ‘ரோடியோ’ என்றால் மாடுகளைச் சூழ்ந்து ஒன்றுசேர்த்தல். பண்ணையைக் குறிக்கும் ‘ரேஞ்ச்’ என்ற சொல் ‘ராஞ்சோ’விலிருந்து பிறந்தது. முட்புதரிலிருந்து கால்களைக் காக்கும் தோலாடையான ‘சாப்ஸ்’ என்பது ‘சாப்பரேராஸ்’ என்பதன் சுருக்கம். ‘பக்கரூ’ என்னும் சொல்லோ ‘வக்கேரோ’ என்பதை ஆங்கிலேயர் நாவு உச்சரித்த விதம்.

மாணவன் தொழிலைக் கற்கும்போது ஆசிரியரின் சொற்களையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறான். கருவி, உடை, இடம், செயல் ஆகிய அனைத்துக்கும் பெயர் ஸ்பானிய மொழியிலிருந்து வந்திருக்கிறது என்றால், ஆசிரியர் யார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

படகோட்டி தேடிச் சென்ற ஆசிரியர்கள்

டெக்சஸ் மாநிலத்தின் புகழ்பெற்ற கிங் பண்ணை 1853-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய ரிச்சர்ட் கிங் நீராவிப் படகின் தலைவராக இருந்தவர். ஆற்றை அறிந்தவரே ஒழிய மாட்டை அறிந்தவரல்லர். 1854-ஆம் ஆண்டு அவர் மாடு வாங்க மெக்சிகோவின் தமாவுலிப்பாஸ் பகுதியிலுள்ள குருயியாஸ் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அவ்வூர் வறட்சியால் வாடிக்கொண்டிருந்தது. மக்கள் தம் மாடுகளை அவருக்கு விற்றுவிட்டனர். திரும்பும் வழியில் கிங்கிற்கு ஓர் எண்ணம் தோன்றியது. மாடுகளை வாங்கியாயிற்று, அவற்றைப் பேணும் அறிவை எங்கே வாங்குவது? மீண்டும் அவ்வூருக்குச் சென்று, உணவும் உறைவிடமும் வேலையும் தருவதாகக் கூறி, ஊர்மக்களையே குடும்பங்களுடன் தம் பண்ணைக்கு அழைத்து வந்தார். அவர்கள் ‘கினேன்யோஸ்’, அதாவது கிங்கின் ஆட்கள் எனப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக அவர்களின் பிள்ளைகளும் அங்கேயே வக்கேரோக்களாக வளர்ந்தனர்.

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் டெக்சஸ் மாடுகள் இலட்சக்கணக்கில் வடக்கே நடத்திச் செல்லப்பட்டன. அக்காலத்துக் கௌபாய்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். அடிமைகளாகப் பண்ணைகளில் உழைத்தபோதே மாட்டுத் தொழிலைக் கற்றவர்கள் அவர்களுள் பலர். திரையில் நெடுங்காலம் காட்டப்பட்ட கௌபாய் வெள்ளையர் மட்டுமே. உண்மை அவ்வாறில்லை.

கற்ற முறை

இனி என் மாணவனின் கேள்விக்கு வருவோம். பள்ளிக்கூடம் இருந்ததா? கட்டடம் இல்லை, பாடத்திட்டம் இருந்தது.

குழந்தைகள் தரையில் நின்றே தொடங்கினர். வேலிக்கம்பம், மரக்கட்டை என அசையாத பொருள்கள் முதல் இலக்கு. அடுத்துக் கோழி, ஆடு, நாய் என ஓடுவன எல்லாம் இலக்காயின. கயிற்றைச் சுருட்டிப் பிடிக்கவும், முறுக்கின்றி விரிக்கவும், மணிக்கட்டைத் திருப்பிச் சுருக்கின் வாய் திறந்தே இருக்கும்படி சுழற்றவும் பழகினர். பிறகுதான் குதிரை. அதுவும் வேலையறிந்த முதிர்ந்த குதிரை. கற்காத பிள்ளைக்குக் கற்ற குதிரை. கற்காத குதிரைக்குக் கற்ற வீரர். இரண்டும் புதியனவாக இருந்தால் ஆபத்து.

இன்றும் இம்முறை பெரிதும் மாறவில்லை. வைக்கோற்கட்டில் பொருத்திய செயற்கைத் தலையின் மேல் நூற்றுக்கணக்கான முறை எறிகின்றனர். முடிச்சைத் தனியே பழகுகின்றனர். இறங்கி ஓடுவதைத் தனியே பழகுகின்றனர். பின்னரே அனைத்தையும் இணைக்கின்றனர். எளிமையிலிருந்து கடினத்திற்கு, பகுதியிலிருந்து முழுமைக்கு என்று ஆசிரியர் பயிற்சியில் நாம் படித்த அதே நெறிதான். கல்வியியல் நூல் எதனையும் படிக்காத மாட்டுக்காரர்கள் இதைக் கண்டறிந்திருந்தனர்.

வட்டாரத்திற்கேற்பப் பாணிகளும் பிரிந்தன. கலிபோர்னியா வக்கேரோக்கள் பச்சைத்தோலைப் பின்னிய கயிற்றைப் பயன்படுத்தினர். அறுபது அடிக்கும் மேற்பட்ட நீளமுடைய அக்கயிறு திடீர் இழுப்பில் அறுந்துவிடும். எனவே மாடு பிடிபட்ட பின்னரே கயிற்றைக் கொம்பில் சுற்றி, சிறிது சிறிதாக வழுக்கவிட்டு நிறுத்தினர். ஸ்பானியத்தில் ‘சுற்று’ என்று பொருள்படும் தொடரிலிருந்து ‘டேலி’ என்னும் சொல் இதற்குப் பெயராயிற்று. புதர்க்காடுகள் நிறைந்த டெக்சஸிலோ முப்பது நாற்பது அடிக் குறுங்கயிற்றின் முனையைக் கொம்பிலேயே இறுகக் கட்டிவிட்டனர். நிலமும் கயிறும் வேறுபட்டதால் முறையும் வேறுபட்டது.

தவற்றுக்குரிய தண்டனை கடுமையானது. கொம்பில் கயிற்றைச் சுற்றும்போது பெருவிரல் இடையில் சிக்கினால் விரலே போய்விடும். விரலிழந்தவர் பலர். ஆகவே, “முதலில் மெதுவாகச் சரியாகச் செய்; வேகம் தானே வரும்” என்பது அங்கு உயிர்காக்கும் பாடம்.

புகழ் பெற்ற மாணவர், மறக்கப்பட்ட ஆசிரியர்

1879-ஆம் ஆண்டு இன்றைய ஒக்லஹோமா மாநிலப் பகுதியில் செரோக்கி பூர்வகுடி மரபில் பிறந்தவர் வில் ரோஜர்ஸ். மேடை, செய்தித்தாள், திரைப்படம், வானொலி என அனைத்திலும் அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்றவர். ஒரே நேரத்தில் மூன்று கயிறுகளை எறிந்து, ஒன்றைக் குதிரையின் கழுத்திலும், ஒன்றை அதன்மேல் வருபவர் மீதும், மற்றொன்றைக் குதிரையின் நான்கு கால்களிலும் மாட்டுவார். 1922-இல் தம் கயிற்றுவித்தைகளைக் காட்ட ஒரு திரைப்படமே எடுத்தார்.

அவருக்குச் சிறுவயதில் கயிறு எறியக் கற்றுக்கொடுத்தவர் டேன் வாக்கர். தந்தையின் பண்ணையில் வேலைசெய்த கறுப்பினக் கௌபாய். பின்னர் 1893-இல் சிகாகோ நகரில் மெக்சிகோவைச் சேர்ந்த விசெந்தே ஒரோப்பெசாவின் கயிற்றுவித்தையைக் கண்டு வில் ரோஜர்ஸ் மெய்மறந்தார். ஆக, அவருடைய முதல் ஆசிரியர் கறுப்பினத்தவர். அவருக்கு வழிகாட்டிய கலைஞர் மெக்சிகோக்காரர். வில் ரோஜர்ஸின் பெயரில் இன்று நினைவகமும் விமான நிலையமும் இருக்கின்றன. டேன் வாக்கரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

கடல் கடந்த பாடம்

இக்கலை தீவுகளுக்கும் சென்றது. 1793-இல் ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர் ஹவாய் மன்னர் முதலாம் கமெஹமெஹாவுக்கு மாடுகளைப் பரிசளித்தார். மாடுகளைக் கொல்லலாகாது என மன்னர் தடை விதித்தார். அவை காடுகளில் பெருகி, பயிரை அழித்து, மக்களைத் தாக்கும் அளவுக்கு வளர்ந்தன. 1830-களின் தொடக்கத்தில், மூன்றாம் கமெஹமெஹாவின் ஆட்சியில், கலிபோர்னியாவிலிருந்து வக்கேரோக்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் ஹவாய் மக்களுக்குக் குதிரையேற்றமும் கயிறெறிதலும் கற்பித்தனர். கற்றவர்கள் ‘பனியோலோ’ எனப்பட்டனர். ‘எஸ்பான்யோல்’, அதாவது ஸ்பானியர் என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். அங்கும் ஆசிரியரின் பெயர் மாணவருக்குப் பெயராயிற்று!

1908-ஆம் ஆண்டு வயோமிங் மாநிலத்தின் செயென் நகரில் நடந்த பெரும் போட்டிக்கு ஹவாயிலிருந்து மூவர் சென்றனர். அவர்களை அனுப்பியவர் ஈபென் லோ. கயிறு எறியும் வேலையில் நேர்ந்த விபத்தால் ஒரு கையை இழந்தவர் அவர். தீவிலிருந்து குதிரைகளைக் கொண்டுசெல்ல முடியவில்லை. இரவல் குதிரைகளில் ஏறியே மூவரும் போட்டியிட்டனர். காளையைக் கயிற்றால் வீழ்த்திக் கட்டும் அப்போட்டியில் இக்குவா பர்டி 56 விநாடிகளில் முடித்து முதலிடம் பெற்றார். உடன்சென்ற ஆர்ச்சி கஆவுஆ மூன்றாமிடமும், ஜாக் லோ ஆறாமிடமும் பெற்றனர். இக்குவா பர்டி 1945-இல் மறைந்தார். 1999-இல்தான் ஒக்லஹோமாவிலுள்ள தேசிய ரோடியோ புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஒரு மாணவியின் கேள்வி

இவற்றையெல்லாம் நான் வகுப்பில் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி, “ஐயா, கன்றுக்கு வலிக்காதா?” என்று கேட்டாள். இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க எனக்கு மனமில்லை.

வலிக்கும். அடிபடவும் வாய்ப்புண்டு. பண்ணையில் கன்று உடைமை. அதைக் காயப்படுத்துபவர் நல்ல வேலைக்காரர் அல்லர். வேலிகள் வந்து, திறந்தவெளி மேய்ச்சல் 1880-களில் ஒடுங்கியபின், இத்திறன் பெருமளவு போட்டி அரங்குக்கு இடம்பெயர்ந்தது. அங்குக் கன்றின் நலத்தைவிடக் கடிகாரம் முதன்மை பெற்றது. விலங்குநல ஆர்வலர்கள் நெடுங்காலமாக எதிர்த்து வருகின்றனர். இலண்டனில் நடந்த ரோடியோக்களுக்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக, பழக்கப்படாத குதிரையையும் காளையையும் கயிற்றால் வீழ்த்துவதைத் தடுக்கும் சட்டத்தை 1934-இல் பிரிட்டன் இயற்றியது. அமெரிக்காவில் சில போட்டிகளில் கன்றை வெடுக்கென இழுத்து வீழ்த்துவோருக்குத் தண்டம் உண்டு. கழுத்தில் சுருக்கு விழுந்ததும் கயிறு சேணத்திலிருந்து அறுபட்டு விலகிவிடும் வகைப் போட்டியும் இருக்கிறது. அதில் கன்றை வீழ்த்துவதில்லை, கால்களைக் கட்டுவதுமில்லை. பெண்கள் பெருமளவில் பங்கேற்கும் பிரிவு அது.

ஒரு கலையின் வரலாற்றை மதிப்பதும், அதிலுள்ள கொடுமையைக் கேள்விக்குட்படுத்துவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நம் பிள்ளைகள் இரண்டையும் செய்யட்டும்.

நிறைவாக

மறக்கப்பட்டவர்கள் மெல்ல நினைவுக்கு வருகின்றனர். 2016-இல் மெக்சிகோவின் குதிரைவீரக் கலையான ‘சார்ரெரியா’வை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கன்று கட்டும் போட்டியில் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற டெக்சஸ் வீரர் ஃபிரெட் விட்ஃபீல்ட் கறுப்பினத்தவர். டேன் வாக்கர் போன்றோரின் கயிறு இன்னும் அறுந்துவிடவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நீந்தக் கற்றாலும், மிதிவண்டி ஓட்டக் கற்றாலும், தோசை வார்க்கக் கற்றாலும், “யார் சொல்லிக் கொடுத்தார்?” என்று ஒருமுறை கேளுங்கள். அப்பெயரைப் பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். ஆசிரிய நண்பர்களே, தலைவர்களின் பெயர்களைக் கற்பிக்கும் வரலாற்றுப் பாடத்தில், அத்தலைவர்களுக்குக் கற்பித்த கைகளையும் ஒரு வரியேனும் சொல்வோம்.

அந்த மாணவன் தன் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தான். கௌபாய் ஆகும் ஆசையை அவன் கைவிடவில்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தான்: “நான் நன்றாகக் கற்றபின் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பேன்.”

அவ்வரியின் கீழ்ச் சிவப்பு மையால் ‘மிக நன்று’ என்று எழுதினேன்.